காட்டில் சமைத்தது யார்

எந்தப் படமாக இருந்தாலும் சரி, காட்டுக்குள் நெருப்பு மூட்டி ஆட்கள் சுற்றி உட்கார்ந்து மான் இறைச்சி தின்னும் காட்சி வந்தவுடன் அவர் கையை உயர்த்துவார். வலது கை. அதில் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்காது, நீட்டியபடியே நிற்கும். அதனால் அவர் எதைக் கேட்டாலும் யாரையோ குற்றம் சாட்டுவது மாதிரி இருக்கும்.

“நிப்பாட்டுங்கோ அண்ணை, நிப்பாட்டுங்கோ. இதைச் சமைச்சது ஆர்?”

கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். படத்தில் தாடிக்காரர்கள் எலும்பைக் கடித்துத் தோளுக்குப் பின்னால் வீசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரிலும் அவருக்கு அக்கறை இல்லை. வில்லுக்காரத் தலைவன் எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் இவர் கண் பின்னாலே இருக்கிற இருட்டைத்தான் துழாவும், அங்கே ஒருவனாவது கரண்டியோடு நிற்கிறானா என்று.

“நாப்பது பேருக்கு ஒரு மான் காணாது,” என்பார். “சரி, மானை விடுவம். உப்பு எங்காலை? காட்டுக்கை உப்பு விளையுமே? ஆரோ ஊருக்கை இருந்து கொண்டுவந்து குடுத்திருக்கிறான். அந்த செரிப் ஒரு மொக்கன் அண்ணை. காடு முழுக்கக் குதிரை ஓடித் திரியிறான். உப்புக் கொண்டு போறவனைப் பிடிச்சானெண்டா கதை முடிஞ்சுது.”

இந்த உப்புக் கதையைப் பல பேருக்குப் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அது பாரிஸில், லாச்சப்பலில் ஒரு கொம்யூனிக்கேசன் கடை. முன்னால் தொலைபேசி அட்டைகளும் தமிழ்ப் பட டிஸ்க்குகளும். சுவரில் ஒரு தொலைக்காட்சி. பின்னால் பலகை அடித்து மறைத்த ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, நான். அந்த நாளில் நான் கேஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் போடுகிறவர்கள் தங்களுக்கு ஊரில் நடந்ததைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்திறங்கிய சனத்துக்குப் பிரெஞ்சு எங்கே தெரியும்? எழுதத் தெரிந்தவர்களிடம் வருவார்கள். எனக்கு எழுதத் தெரியும். தெரியும் என்பதில் எனக்கிருந்த திமிரைச் சொல்ல இந்தக் கட்டுரை காணாது.

அவர் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு விடுவார்கள், திரும்ப ஆறு மணிக்குப் போக வேண்டும். கூப்பூர் என்று சொல்கிற அந்த இடைவெளியில் மற்றவர்கள் வாய்க்கால் கரையில் படுப்பார்கள் அல்லது அறைக்கு ஓடிப்போய் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். அவர் எங்கள் கடைக்கு வருவார். சவர்க்கார மணத்தோடு வந்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, “அண்ணை, அந்தக் காட்டுப் படம் ஏதும் கிடக்கோ?” என்று கேட்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவருக்கு அண்ணை. எழுதத் தெரிந்த எல்லாரும் அவருக்கு அண்ணைதான்.

ஏன் அந்தக் கதை மட்டும் என்று ஒருநாள் கேட்டேன். பழைய காலத்து இங்கிலாந்து, ஒரு காடு, பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் ஒரு வில்லாளி, அவனைப் பிடிக்கத் திரியும் செரிப் என்கிற ஒரு அதிகாரி. நாங்கள் எல்லாருமே பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் படித்ததுதான்.

“மற்றப் படமெண்டா ஆர் நல்லவன் ஆர் கெட்டவன் எண்டு கண்டுபிடிக்கவே அரைவாசிப் படம் போயிடும். எனக்கு இவங்கடை பாசை விளங்காது. இதெண்டா கதை தெரியும். அவன் பிரெஞ்சிலை கதைச்சாலும் சீனத்திலை கதைச்சாலும் எனக்கு ஒண்டுதான்.”

கடை முதலாளி பழைய சாமான் சந்தைகளுக்குப் போகும்போது அவருக்காக அந்த டிஸ்க்குகளைத் தேடிப் பொறுக்கி வருவார். உலகத்தில் இந்தக் கதையை இத்தனை தரம் எடுத்திருக்கிறார்கள் என்பது அவர் வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றில் தலைவன் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே இருப்பான். இன்னொன்றில் படம் முழுக்கச் சேறும் மழையும், ஒருவனும் சிரிக்கமாட்டான். ஒன்றில் தலைவன் தூரத்துப் போருக்குப் போய் மனம் கெட்டுத் திரும்பி வருவான். ஒரு தொடரில் அவனைவிட அவன் காதலி நன்றாகச் சண்டை போடுவாள். புதிதாக வந்த ஒன்றில் அம்புகள் ராக்கெட் மாதிரி வெடித்தன. அதைப் பார்த்துவிட்டு முதலாளி, “இதென்னடா, கதையைக் கொலை செய்திருக்கிறாங்கள்” என்று திட்டினார்.

இவர் நிதானமாகச் சொன்னார்: “அவையள் மாத்தட்டும் அண்ணை. தலைவன் மாறுறான், காதலி மாறுறா, செரிப் கூட மாறுறான். நெருப்பு மாறேல்லை, மான் மாறேல்லை. சமைக்கிறவனை மட்டும் இன்னும் ஒருத்தனும் காட்டேல்லை.”

வெளியிலும் அவர் இப்படித்தான். வடைக் கடைக்குப் போனால் வடையை வாங்கிக்கொண்டு நேரே நகரமாட்டார். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்து, அடுப்படியில் நிற்பவரைக் கண்டால்தான் “நல்லாயிருக்கு” என்பார். முதலாளிக்குச் சொல்லமாட்டார். சமைப்பவரோடு நின்று கதைப்பார், ஊர் கேட்பார். ஆனால் அவர் யாருடைய பெயரையும் எங்களிடம் வந்து சொன்னதில்லை. “அங்கை ஒரு ஆள் நிக்கிறார், கெட்டிக்காரன்” என்பதோடு சரி. எந்தக் கடை, எந்த ஆள், என்ன பெயர் என்று கேட்டால் மழுப்பிவிடுவார். கள்ளமாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அப்படி என்று நினைத்தேன். அது மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது.

ஆவணி மாதம் பிள்ளையார் தேர். லாச்சப்பல் முழுக்கத் தேங்காய்க் குவியலும் சனமும். பிரெஞ்சுக்காரர் கமராவோடு நடந்து திரிவார்கள். அன்று காலையில் அவர் என்னிடம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய கேஸை எழுதி முடித்து அடுத்த நாள் தபாலில் போட வேண்டும். வரவில்லை. தேடிப் போனேன். தேர் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, அன்னதானம் கொடுக்கும் மண்டபத்துக்குப் பின்னால், காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, சோறு அவிக்கும் ஒரு பெரிய கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. “அண்ணை, உங்கடை உயிர்ப் பிரச்சினை. நீங்கள் இஞ்சை கிடாரம் தேய்க்கிறியள்!”

“தேரை எல்லாரும் பாக்கினம். உள்ளை மூண்டு பேர் விடியக் காலமையிலை இருந்து நிண்டு அவிச்சுக் கொட்டுகினம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை,” என்றார். பிறகு கிடாரத்துக்குள் இருந்து தலையை எடுத்து, “நீங்கள் கேளுங்கோ, நான் தேய்ச்சுக்கொண்டு சொல்லுறன்” என்றார்.

அப்படித்தான் ஒரு மனிதனின் வாழ்க்கையை நான் கேட்டேன். கிடாரத்துச் சத்தத்துக்கும் மேளச் சத்தத்துக்கும் இடையில், நேரத்தைப் பார்த்தபடி.

“நான் சமைச்சனான் அண்ணை. பொடியளின்ரை முகாமிலை. வேற ஒண்டும் இல்லை. துவக்குத் தொட்டதில்லை. விடியமுன்னம் அடுப்பை அணைச்சுப் போட வேணும், புகை எழும்பினா மேலை வண்டு சுத்தும்.” பொடியள் என்றால் இயக்கத்துப் போராளிகள். ஆளில்லா விமானத்தைத்தான் வண்டு என்பார்கள். “கடைசியிலை சனத்துக்குக் கஞ்சி காய்ச்சினன். பிறகு ஆமியிட்டைப் பிடிபட்டன்.”

“விரல்?”

“கதவிடுக்கிலை வைச்சு நெரிச்சவங்கள். ஏனெண்டா அண்ணை...”

“கதவிடுக்கு எண்டா வீட்டிலையும் நெரியும்,” என்றேன். அந்த ‘ஏனெண்டா’வுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போதே மனதில் கதை ஓடத் தொடங்கிவிட்டது. “சமைச்சவனுக்கு ஆர் விசா குடுப்பான் அண்ணை? நீங்கள் பேசாமல் இருங்கோ. நான் எழுதுறன்.”

எழுதினேன். முகாமுக்கும் முகாமுக்கும் இடையில் இரகசியச் செய்தி கொண்டு போனவர் என்று எழுதினேன். தளபதி ஒருவருக்கு நெருக்கமானவர் என்று எழுதினேன். செய்தி கொண்டு போகும் வழியில் செல் விழுந்து வெடித்து, அதன் துண்டு பட்டு விரல்கள் மடங்காமல் போயின என்று எழுதினேன். நல்ல பிரெஞ்சு. வாசித்தால் மயிர்க் கூச்செறியும். முதல் பக்கத்தின் மேலே அவருடைய பெயரை எழுதிவிட்டு, அதற்குக் கீழே வேறு யாருடையதோ வாழ்க்கையை எழுதினேன். இன்றைக்கு இங்கே அந்தப் பெயரை எழுதக் கை வராததற்கு அதுதான் காரணம்.

அடுத்த நாள் கூப்பூர் நேரத்தில் அதை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பெட்டியில் உட்கார்ந்து அமைதியாகக் கேட்டார். முடிந்ததும் மெல்லச் சிரித்தார்.

“நல்ல படம் அண்ணை. இதிலை சமைச்சது ஆர்?”

கடையே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டார். அந்த இரண்டு விரல்களுக்கிடையில் பேனை நிற்காது. கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினார்.

முதல் தரம் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். சொன்ன கதையில் தனிப்பட்ட விவரம் ஏதும் இல்லை, பொதுவாக இருக்கிறது என்று பதில் வந்தது. எனக்கு அது என் எழுத்துக்குக் கிடைத்த அவமானமாகத்தான் பட்டது, அவருக்கு நேர்ந்த ஆபத்தாகப் படவில்லை. மேல்முறையீட்டுக்கு, நாங்கள் கொமிசன் என்று சொல்வதற்கு, இன்னும் இரண்டு பக்கம் கூட்டி எழுதினேன். அதே செய்தி கொண்டுபோகும் கதை, இன்னும் கொஞ்சம் இரத்தத்தோடு. அந்தப் படக்காரர்கள் அம்பை வெடிக்க வைத்தார்கள் என்று திட்டினோமே, நான் செய்தது அதைவிடக் கேவலம். அவர்கள் செத்துப்போன ஒருவனின் கதையை மாற்றினார்கள். என் ஆள் உயிரோடு பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையில் மேல்முறையீட்டுக்கு அவருக்குக் கிடைத்த சட்டத்தரணி அவரை ஒரு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார். மருத்துவர் விரல்களைப் பார்த்து, கனமான ஏதோ ஒன்றில் வைத்து நெரித்த காயம், வெட்டுக் காயமோ துண்டு பட்ட காயமோ இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை எனக்கு ஒருவரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

கொமிசன் விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம். நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், என் எழுத்து வெல்வதைப் பார்க்கத்தான். கடைசி வாங்கில் உட்கார்ந்தேன்.

நடுவில் இருந்த நீதிபதி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எந்த அலட்டலும் இல்லாமல் கேட்டார்: எழுத்தில் செல் துண்டு என்று இருக்கிறது, மருத்துவர் நெரித்த காயம் என்கிறார், எது சரி? மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். “கதவு,” என்றார்.

பிறகு பேசத் தொடங்கினார். நான் கிடாரத்தடியில் நிறுத்திய இடத்திலிருந்து பேசினார். “எங்களுக்கு அரிசியும் உப்பும் தந்தது ஊர்ச் சனம். ஆமிக்கு நான் சமைச்சது பிரச்சினை இல்லை. உப்புத் தந்தவையின்ரை பேர்தான் வேணும். ஒரு விரலுக்கு ஒரு நாள் கேட்டவங்கள். இரண்டு விரலோடை விட்டிட்டாங்கள்.”

“பெயர் சொன்னீர்களா?” என்று கேட்டார் நீதிபதி.

“இல்லை. அதுகள் பிள்ளை குட்டிக்காரர்.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, புகை வராமல் எரிக்க என்ன விறகு, கஞ்சிக்கு உப்பு இல்லாத நாளில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் தடக்காமல் சொன்னார். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் அவரிடம், சமைத்தது யார் என்று கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டிருந்தால் நான் எழுதிய குப்பை எதுவும் தேவைப்பட்டிருக்காது. அவரிடம் இருந்த உண்மைக் கதை என் கதையைவிட நூறு மடங்கு பெரியது.

பிறகு நீதிபதி என் தாள்களைக் கையில் எடுத்தார்.

“இதில் சமையல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செய்தி கொண்டு போனதாக இரண்டு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை யார் எழுதியது?”

நான் முன் வாங்கில் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்தேன்.

“ஒரு ஆள் உதவி செய்தவர்,” என்றார்.

“பெயர்?”

அவர் பின்னால் திரும்பவில்லை. நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும், உள்ளே வரும்போது எனக்குத் தலையாட்டியிருந்தார். “மறந்துபோச்சு,” என்றார்.

நான் எழும்பியிருக்கலாம். எழும்பி, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வெளியே வந்ததும் சட்டத்தரணி என்னிடம் நேரே வந்தார். ஊகித்துவிட்டார் போலிருக்கிறது. “தீர்ப்பு வர மூன்று கிழமை இருக்கிறது. இதை எழுதியவர் ‘அவர் சொன்னதை நான் மாற்றி எழுதினேன்’ என்று ஒரு கடிதம் தந்தால் இன்றைக்கே நான் நீதிபதிகளுக்கு அனுப்புவேன். அது கட்டாயம் உதவும்,” என்றார். எனக்கு யாரென்று தெரிந்தால் சொல்கிறேன் என்றேன். கூசாமல் சொன்னேன்.

ரயிலில் கார் து நோர் நிலையம் வரைக்கும் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில். அவர்தான் பேசினார்.

“நீங்கள் பயப்பிடாதேங்கோ அண்ணை. நான் உங்கடை பேர் சொல்லேல்லைத்தானே.”

“ஓம்,” என்றேன்.

“அந்த மனிசி நல்லாக் கேட்டா என்ன? உப்பைப் பற்றியும் கேட்டா,” என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். ஆறு மணிக்கு வேலை என்று இறங்கி வேகமாக நடந்து போனார்.

அந்த மூன்று கிழமையில் அந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கினேன். பத்து வரிக் கடிதம். எத்தனையோ பேருக்காகப் பக்கம் பக்கமாகப் பொய் எழுதியவனுக்கு அந்தப் பத்து வரி உண்மை வரவில்லை. என்னுடைய பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் அப்போது உள்ளே போயிருந்தது. மகள் கைக்குழந்தை. கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் வரும், கணினியை அணைத்துவிடுவேன். நாளைக்கு என்பேன். கேஸ் எழுதுவதை அத்தோடு விட்டுவிட்டேன். மனம் திருந்தி விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்.

தள்ளிவிட்டார்கள். எழுத்துக்கும் பேச்சுக்கும் பொருந்தவில்லை என்று காரணம். அதன் பிறகு ஒரு கிழமை கடைக்கு வந்தார். அதே பெட்டியில் உட்கார்ந்து அந்தச் சேற்றுப் படத்தைத் திரும்பப் பார்த்தார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. பிறகு வரவில்லை. லண்டனுக்கு லொறியில் ஏறிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். நான் விசாரித்துப் பார்க்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்றுதான். டிஸ்க்குகள் ஒரு பிளாஸ்டிக் பையில் முதலாளியின் மேசைக்குக் கீழே நெடுநாள் கிடந்தன.

இப்போது நாங்கள் பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் இருக்கிறோம். நான் பிரெஞ்சுக் குடிமகன். மகளுக்குப் பதினாறு வயது. போன ஞாயிறு பின்னேரம் மடிக்கணினியில் அவள் ஒரு புதுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே காடு, அதே வில்லு. இந்த முறை வில்லாளி ஒரு பெண். நான் தேத்தண்ணியோடு அவளுக்குப் பின்னால் நின்றேன். நெருப்பு மூட்டினார்கள், மான் வந்தது.

“நிப்பாட்டு,” என்றேன். “இதைச் சமைச்சது ஆர்?”

யாருக்கு அது வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தை உண்மையிலேயே நிறுத்தினாள். அதனால் சொன்னேன். விரல்களை, கிடாரத்தை, உப்பை, நீதிபதியை. மகள் பாதி தமிழ் விளங்காமல், விளங்காததைத் திரும்பக் கேட்டுக் கேட்டு, கடைசிவரை கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் கோபமும் வந்துவிட்டது.

“பப்பா, அதை மாத்தி எழுதினது ஆர்?”

“லாச்சப்பலிலை ஒரு ஆள்.”

“பேர் என்ன?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியை மேசையில் வைத்தேன்.

“மறந்துபோச்சு,” என்றேன்.